ஒன்பது தட்டு

அத்தியாயம் பதினொன்று

காலை ஆறு மணியிலிருந்து என் கணவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இடது கையால். வலது கை எட்டு மாதமாக மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருள் மாதிரி. இடது கை விரல்களைச் சேர்த்துக்கொண்டு மேஜை விளிம்பில் ஒவ்வொரு தட்டாகத் தட்டினார். தட்டுக்கு ஒரு முனகல். இரண்டே சுரத்தில் அது ஏறும், இறங்கும், கடைசித் தட்டில் கொஞ்சம் நீளும். பிறகு முதலிலிருந்து.

நான் சமையலறையில் நின்று எண்ணினேன். ஒன்பது.

மறுவாழ்வு மையத்தில் பாட்டு டீச்சரின் வழி அதுதான். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குப் பாட்டு முழுசாகப் போய்விடுவதில்லையாம். பேச வராத வார்த்தை, ராகத்தில் ஏற்றி இடது கையால் தாளம் தட்டினால் சில சமயம் வந்துவிடுகிறது. வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் தனக்கு எது சொல்லியே ஆக வேண்டுமோ அந்த ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட அட்டைகளைக் காட்டிக் காட்டி டீச்சர் அதைக் கண்டுபிடிப்பார். பிறகு நான்கு வாரம் அதே வாக்கியம்தான். தயாராகும்வரை வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் வீட்டுக்காரர்கள் ஆசையில் பாதியிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் நோயாளிக்குத் தானாக வராது என்பார் டீச்சர்.

அதனால் வீட்டில் அவர் வார்த்தை இல்லாமல் முனகினார். நான் நான்கு வாரமாக அந்த முனகலுக்கு வார்த்தை பொருத்திக்கொண்டிருந்தேன்.

ஏன் அன்னிக்கு வரவே இல்ல.

பாத்திரம் தேய்த்த ஈரக்கையில் விரல்விட்டு எண்ணினேன். ஏன், அன், னிக், கு, வ, ர, வே, இல், ல. ஒன்பது. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

எல்லாம் உன்னாலதான் வந்துச்சு. அதுவும் ஒன்பது.

எதை எடுத்தாலும் ஒன்பதில் வந்து முடிந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று. திறந்த கையோடு அப்படியே நின்றேன். அன்றைக்கும் இதே குழாயைத்தான் திறந்துவிட்டேன்.

அவருடைய கோபத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அவர் லிஃப்ட் மெக்கானிக். கோபம் வந்தால் கத்த மாட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் பேச்சு இருக்காது. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதற்கு 'லிஃப்ட் நின்னுடுச்சு' என்று பெயர் வைத்தாள். "எந்த மாடியில நிக்குது?" என்பாள். "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல" என்பேன். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். உள்ளே அவருக்கும் கேட்கும். நின்ற லிஃப்ட்டின் கதவை யாரும் வெளியிலிருந்து பிடித்து இழுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இருபத்தாறு வருடம் அப்படியே ஓடியது. சாப்பாட்டை மூடி வைத்துவிடுவேன். பசித்தால் வருவார். வந்தால் நானாகப் பேச மாட்டேன். நான் பள்ளிக்கூட நூலகத்தில் உதவியாளராக இருந்தவள். பேசாமல் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை.

அன்றைக்கு முதல் நாள் இரவு, ஹாலில் ஃபேன் போடும் சத்தத்துக்காகச் சண்டை. ஊரில் இருக்கும் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவருக்கு வீட்டு ஃபேனைப் பார்க்க நேரமில்லை என்று நான் சொன்னது அவருக்குச் சுருக்கென்றுவிட்டது.

காலை ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றார். இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நடிப்பு என்று நினைத்தேன். "ஒண்ணும் பேச வேண்டாம், போங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் கண்ணாடி டம்ளர் உடைந்த சத்தம். வீசி எறிகிற அளவுக்கு வந்தாச்சா, அவரே பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு மூடி வைத்த தட்டு மூடியபடியே இருந்தது. கதவைத் திறந்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது.

இதுவரை நடந்ததை மகளும் அரைகுறையாக அறிவாள். அப்பா அறையில் விழுந்தது அம்மாவுக்கு உடனே தெரியவில்லை என்று மட்டும். யாருக்கும் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பக்கத்தில் மகள் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள். காலையிலிருந்து ஏழு மணி நேரம் நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வேன்?

"ஒண்ணரை மணிக்கு" என்றேன். "சாப்பிடக் கூப்பிட்டேன். வரேன்னு சொன்னார்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். சாயங்காலம் தலைக்குள் ரத்தம் கசிந்தது.

சில பேருக்கு அப்படி ஆகிவிடும் என்றார்கள். நம்முடைய கெட்ட நேரம் என்றார்கள். அந்த ஊசியைப் பக்கவாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள்தான் போட வேண்டும், தாண்டினால் ஆபத்து என்று மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது, டாக்டர் என்னிடம் கேட்டது எந்தக் கேள்வி என்று. நான் ஒரு பொய் சொன்னேன், வெட்கத்தில். அதை நம்பி அவர் உடம்புக்குள் மருந்து இறங்கியது.

எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கு அவருக்கு ஒன்பது தட்டு தயார்.

*

ஏழு மணிக்கு அண்ணி போன் செய்தார். என் கணவருக்கு அக்கா. பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியைத் தனியாளாகக் கட்டி எழுப்பியவர். மறைந்த கணவர் பெயரில் ஒரு அறக்கட்டளை நடத்துகிறார். தம்பிக்குப் பேச்சு வராது என்று ஆனதும், மையத்துக்கு ஒரு பாட்டு வகுப்பை அண்ணிதான் கொடுத்தார். டீச்சருக்குச் சம்பளம், ஒரு கீபோர்டு, நோயாளிகளைக் கூட்டி வர வேன். உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள்.

அதனால் தம்பி மட்டும் பயனடையவில்லை. கிரேன் ஓட்டினவர் ஒருவர் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்த அம்மாவுக்குத் தூக்க மாத்திரை பாதியாகக் குறைந்தது. உடற்பயிற்சிக்கு வரச்சொன்னால் வயிற்றுவலி என்பவர்கள், பாட்டு இருக்கிறது என்றதும் வேனில் முதல் ஆளாக ஏறினார்கள்.

பின்னால் ஒரு பெஞ்சு உண்டு. கூட வரும் மனைவிகளும் அக்காக்களும் உட்காருவது. பாட்டு நடக்கும்போது நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாய் துடைக்க வேண்டாம், மருந்து எடுத்துக்கொடுக்க வேண்டாம். கிரேன்காரரின் மனைவி போன மாதம் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாரத்தில் ஒரு மணி நேரம், வியாழக்கிழமை, நான் மனுஷியாக மூச்சுவிடுவது அந்தப் பெஞ்சில்தான். அவருடைய பேச்சு திரும்பி வர வர நான் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தே அங்கே போய் உட்கார்ந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை.

இன்றைக்கு அறக்கட்டளைக்காரர்கள் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். அண்ணியின் கொழுந்தனார், வீட்டில் சின்னவர் என்று கூப்பிடுவோம், ஆரம்பத்திலிருந்தே இதை எதிர்க்கிறார். அடுத்த வருடம் அதே உதவியைச் சக்கர நாற்காலிகளாகக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. "நாற்காலின்னா முதுகுல பேர் எழுதலாம். பாட்டுல எங்க எழுதறது?" என்று கூட்டத்தில் கேட்டாராம். வகுப்பால் பேச்சு வருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். நன்றாகத் தேறியவர் என் கணவர்தான். அவர் பாட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே. அண்ணி போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார். பார்வையாளர்கள் போன பிறகு தம்பியிடம் தனக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று. எட்டு மாதமாகக் கேட்க நினைத்த கேள்வியாம். டீச்சரிடம் போய் ராகத்தில் கேட்பது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்திருக்கிறாராம்.

"என்ன கேள்வி அண்ணி?"

"உனக்கு எதுக்கும்மா அது. அவன் சொன்னா நீயும் கேட்டுக்கப் போறே."

போனைக் கீழே வைக்காமலே வேன் டிரைவரைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு இன்றைக்கு வர வேண்டாம், அவருக்குக் காய்ச்சல் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் பன்னிரண்டு முகங்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. தூங்கிப்போன அந்தப் பெண்ணின் தலை தோளில் எவ்வளவு கனமாக இருந்தது என்பதும். மறுபடி கூப்பிட்டு வரச் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

உள்ளே தட்டும் சத்தம் நிற்கவில்லை.

*

எட்டரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. அண்ணி இறங்கினார். பின்னாலேயே மகள், தடிமனான ஒரு ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

மகள் பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். நாள், நேரம், பெயர் எழுதி அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பார்வையாளர்களுக்குக் கொடுக்க அப்பாவின் நிலை எட்டு மாதத்துக்கு முன் எப்படி, இப்போது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி அத்தை கேட்டிருந்தார். அதற்காக ஆஸ்பத்திரியில் கேஸ் ஃபைலின் நகல் வாங்கிக்கொண்டு நேற்று அத்தை வீட்டிலேயே தங்கிவிட்டாள். போனில் சொல்லியிருந்தாள். ஏதோ பேப்பர் என்று நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

அண்ணி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வேன் வேண்டாம்னுட்டியாமே. டிரைவர் பதறிப்போய் எனக்குப் போன் பண்றான்" என்றார்.

"காய்ச்சல் மாதிரி இருந்துச்சு அண்ணி."

அண்ணி நேரே போய்த் தம்பியின் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. கடையில் துணியைத் தடவிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"ஜில்லுன்னு இருக்கான்" என்றார்.

அவர் அதற்குள் இடது கையை ஊன்றி எழுந்துவிட்டார். புதுச் சட்டையைக் காட்டினார், போட்டுவிடச் சொல்லி. பித்தான் போடும்போது அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று இருபத்தாறு வருடம் எனக்குப் படிக்கத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அது கலங்கலாக, தண்ணீருக்கு அடியில் இருப்பது போல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பித்தானைப் போட்டேன்.

காரில் ஏறினோம். முன்சீட்டில் அண்ணி வாய்க்குள் எதையோ இரண்டு சுரத்தில் முனகிப் பார்த்துக்கொண்டு வந்தார். முனகலுக்கு ஏற்பக் கைப்பையின் மேல் விரல் தட்டியது. அவர் தாளம் வேறாக இருந்தது. நான் எண்ணாமல் இருக்க முயன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சிக்னலில் நின்றபோது எண்ணிவிட்டேன். அதுவும் ஒன்பது.

மகள் என் பக்கத்தில் ஃபைலைப் புரட்டினாள். ஆஸ்பத்திரி கையெழுத்து பல் டாக்டர் கையெழுத்தைவிட மோசம் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

*

வகுப்பு அறை ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். நாற்காலிகள் வட்டமாக. சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார், எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக. இன்னொரு அறங்காவலர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. வந்ததும் எல்லாரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்தவர்களையும்.

முதலில் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். கிரேன்காரர் எழுந்து தன் பெயரைச் சொன்னார், தொழிலைச் சொன்னார், தன் கிரேனின் உயரம் நூற்றிருபது அடி என்றார். சின்னவரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பெயரைக் கிளிப்பிள்ளைகூடச் சொல்லும் என்று தலைமை ஆசிரியையிடம் முணுமுணுத்தது எங்கள் பெஞ்சுவரை கேட்டது. கிரேன்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. என்னுடையதும்தான். இருவருக்கும் ஒரே பயம் என்று அவள் நினைத்திருப்பாள்.

டீச்சர் என் கணவரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"இவரோட வாக்கியம் இதுவரைக்கும் எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். "நடுவுல நின்னா யாரும் எடுத்துக் கொடுக்காதீங்க. எவ்வளவு நேரம் ஆனாலும்."

முதல் தட்டு. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

சமையலறை வாசலில் நின்ற அதே வாய். இப்போது வெளிச்சத்தில், இருபது பேருக்கு முன்னால். வரட்டும், வந்து முடியட்டும் என்று ஒரு மனம். வராமலே போகட்டும், இந்த வாய் இப்படியே இருக்கட்டும் என்று இன்னொரு மனம். அந்த இரண்டாவது மனம் என்னுடையதுதான். அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"கண்" என்றார் அவர்.

டீச்சர் தட்டினார்.

"ணா. டி. யைத்."

கண்ணாடியை. டம்ளர் உடைந்தது கண்ணுக்குள் வந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"து. டைச். சுக். கு. டு."

கண்ணாடியைத் துடைச்சுக் குடு.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அவர் இடது கையை விடுவித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். டீச்சரிடம் இல்லை, என்னிடம். இரண்டு கண்ணாடியிலும் விரல் ரேகை, மருந்துத் துளி, எண்ணெய்ப் பிசுக்கு. எட்டு மாதம் ஒற்றைக் கையால் அதைத் துடைக்க முடியாமல், துடைக்கச் சொல்லவும் முடியாமல், சைகையில் எனக்குப் புரியவைக்கவும் முடியாமல், அந்தப் பிசுக்கு வழியாக எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குளிப்பாட்டினேன், சவரம் செய்துவிட்டேன், நகம் வெட்டினேன். முகத்தை நேராகப் பார்ப்பதை மட்டும் தவிர்த்தேன். அதனால் கண்ணாடி என் கண்ணில் படவில்லை.

தலைமை ஆசிரியை சத்தமாக மூக்கைச் சிந்தினார். கிரேன்காரர் இடது கையால் தொடையில் தட்டிக் கைதட்டலாக்கினார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அப்படியே தட்டினார்கள். சின்னவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷமும் நடக்கட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நாற்காலி இன்னொரு வருஷம் வாங்கிக்கலாம் என்றார்.

பெஞ்சு முழுக்க அழுதது. நானும் அழுதேன். அவர் கண்ணாடியைப் புடவை முனையால் துடைத்து அவர் காதில் மாட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். தெளிவாகப் பார்த்தார். அந்தத் தெளிவு எனக்குத் தாங்கவில்லை.

*

பார்வையாளர்கள் போனார்கள். வேன் வந்தது, மற்றவர்களும் போனார்கள். அறையில் நாங்கள் நான்கு பேர் மட்டும். மகள் ஜன்னலோரம் ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். அண்ணி, டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து தம்பியின் இடது கையை எடுத்துக்கொண்டார்.

எடுத்த கையை அண்ணி கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தார். மிரட்ட வந்தவர் கை மாதிரி இல்லை அது.

தட்டிக்கொண்டே, இரண்டு சுரத்தில், வெட்கத்தோடு பாடிக் கேட்டார்.

"நான் போன் பண்ணப்போ ஏன் பேசல?"

எனக்கு விளங்கவில்லை. அண்ணி என் பக்கம் திரும்பாமலே சொன்னார். அன்றைக்குக் காலையில் ஒன்பது மணிக்குத் தம்பியின் செல்லுக்குக் கூப்பிட்டாராம். எடுத்தானாம். பேச்சே இல்லையாம், வெறும் மூச்சுச் சத்தம். சிக்னல் சரியில்லை என்று தானே துண்டித்துவிட்டாராம். மறுபடி கூப்பிடவில்லையாம். கம்பெனியில் அன்றைக்கு டெலிவரி.

"மத்தியானம் விழுந்தான்னு நீ சொன்னப்போ நிம்மதியா இருந்துச்சு" என்றார். "அப்ப காலையில நல்லாதான் இருந்திருக்கான்னு. ஆனா அந்த மூச்சு காதை விட்டுப் போகல. இந்தப் பாட்டு, டீச்சர், வேன் எல்லாம் ஊருக்காகன்னு சொல்றாங்க. நான் எனக்காகத்தான் குடுத்தேன். இவன் வாயால ஒரு தரம் கேட்டுட்டா தூங்கிடுவேன்."

ஒன்பது மணிக்கு அறைக்குள் போன் அடித்து நின்றது எனக்கும் கேட்டது. என்னிடம்தான் பேச மாட்டார், அக்காவிடம் பேசுவார் என்று நினைத்து, கதவைத் தாண்டிப் போனேன். எட்டு மாதமாக அண்ணி என்னைச் சந்தேகிக்கிறார் என்று பயந்தேன். அவர் சந்தேகித்தது தன்னை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் எப்போதோ தீர்ந்திருக்கும். நான் சொன்ன பொய்தான் அவருக்கு நிம்மதியும் கொடுத்தது, தூக்கத்தையும் கெடுத்தது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் இடது கை அசைந்தது. அக்காவின் கையின் மேல் அவரே தட்டினார்.

"அப். ப. வே."

நிறுத்தினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"போச். சு."

அப்பவே போச்சு.

அண்ணி தம்பியின் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. அவர் அக்காவின் தலையைப் பார்க்கவில்லை. துடைத்த கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டுகிற பார்வையா, காத்திருக்கிற பார்வையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலோரம் காகிதம் புரளும் சத்தம் நின்றது.

மகள் ஃபைலின் முதல் பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. கிளினிக்கில் யாராவது நேரம் மாற்றி எழுதியிருந்தால் அவள் இப்படித்தான் திரும்பப் படிப்பாள். படித்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"அம்மா" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "ஒன்பது மணிக்கே பேச்சு போயிடுச்சுன்னா, ஒண்ணரை மணிக்கு அப்பா உன்கிட்ட எப்படி வரேன்னு சொன்னார்?"

"வெளியில வா" என்றேன். "சொல்றேன்."

அண்ணி நிமிரவில்லை. தம்பியின் கையை விடவும் இல்லை. கண்ணைக்கூடத் துடைக்காமல், அமைதியாகச் சொன்னார்:

"எதுக்கும்மா வெளியில? அவனும் கேட்கட்டும்."